மருத்துவர் பதில்கள்: காவலை ஏமாற்றும் கட்டி

கேள்வி: காய்ச்சல் என்று படுத்தே அறியாத என் மாமனாருக்கு, விழுங்கச் சிரமமாக இருக்கிறதென்று எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில், உணவுக்குழாயில் செதிள் செல் புற்றுநோய் என்று தெரிந்தது. இவ்வளவு எதிர்ப்புச் சக்தி உள்ள உடலில் கட்டி எப்படி வளர்ந்தது? பயாப்சித் திசுவில் ‘பிடி-எல்1’ பரிசோதனை எதற்காகக் கேட்கிறார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கிருமி வெளியாள், புற்றுநோய் செல்லோ நம் உடலிலேயே பிறந்து தடம் மாறியது. ஆகவே காய்ச்சலை விரட்டும் உடல் புற்றுநோயையும் விரட்டிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயினும் இதைக் கண்டறிய உடலில் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை எச்எல்ஏ என்னும் மூலக்கூறுகளின் மேல் ஏந்திக் காட்ட, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்கள் அவற்றைச் சோதித்துக்கொண்டே உலவுகின்றன. புகையிலையாலும் மதுவாலும் மரபணுக்கள் சிதைந்த செல்கள் பிறழ்ந்த புரதங்களை உண்டாக்குவதால் எளிதில் அகப்பட வேண்டும். ஆனால் சில கட்டிகள் எச்எல்ஏவையே குறைத்துக்கொள்கின்றன. அடையாளம் காட்டாத செல்லைக் கொல்வதற்கென்றே இயற்கைக் கொல்லி செல்கள் இருக்கின்றன என்றாலும், கட்டியும் அதன் சுற்றுப்புறமும் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்னும் புரதம் அவற்றின் வேகத்தையும் மழுங்கச் செய்துவிடுகிறது.

நீங்கள் கேட்ட பரிசோதனை இன்னொரு தந்திரத்தைப் பற்றியது. தொற்றுடன் போரிடும் டி செல்கள் எல்லை மீறி நல்ல திசுவை அழித்துவிடாதிருக்க, அவற்றின் மேல் பிடி-1 என்னும் தடை பொருத்தப்பட்டிருக்கிறது. பிடி-எல்1 என்னும் புரதம் அதைத் தொட்டால் டி செல் அடங்கிவிடும். டி செல்கள் தாக்கும்போது சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்னும் புரதமே கட்டியைத் தூண்டி, இந்தப் பிடி-எல்1 புரதத்தை அதன் மேற்பரப்பில் மிகுதியாகத் தோன்றச் செய்கிறது என்பதுதான் வேடிக்கை. தாக்குதலே கேடயத்தை வரவழைக்கிறது! போதாக்குறைக்கு, நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் கட்டி தன் பக்கம் அழைத்துக்கொள்கிறது.

ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992இல் பிடி-1ஐக் கண்டறிந்து வெளியிட்டது. இத்தகைய தடைகளை நீக்கிப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டியதற்காக அவரும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் பிடி-1ஐ மறைத்துத் தடையை விலக்குகின்றன. கீமோ-கதிர்வீச்சுக்குப் பின் அறுவை செய்தும், அகற்றிய திசுவில் நோயின் எச்சம் காணப்பட்டவர்களிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், நோய் திரும்பாதிருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் கடந்த காலம்) நிவோலுமாபால் 11 மாதங்களிலிருந்து 22.4 மாதங்களாக நீண்டது. பரவிய நோயில், திசுவில் பிடி-எல்1 எவ்வளவு என்று காட்டும் மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்குக் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் சேர்ப்பதால் பலன் கூடுதல் என்பதால்தான் அந்தப் பரிசோதனை. மதிப்பெண் உயர்ந்திருந்தும் மருந்து பலன் தராதவர்கள் உண்டு; எச்எல்ஏவை இழந்த கட்டியில் தடையை விலக்கினாலும் டி செல்லுக்கு இலக்கு தென்படாது.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளும் கஷாயங்களும் இந்தத் தடையைத் தொடுவதில்லை. மருத்துவரிடம் சொல்லாமல் அவற்றைக் கொடுக்காதீர்கள். இத்தடை நீக்கும் மருந்துகளால் இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சிகிச்சை) தொடங்கினால், விலக்கப்பட்ட தடை நல்ல உறுப்புகளையும் தாக்குதலுக்கு உள்ளாக்கக்கூடும் என்பதால், நீடிக்கும் வயிற்றுப்போக்கு, புதிதாக வரும் இருமல், மூச்சுத்திணறல், மிகுந்த சோர்வு ஆகியவற்றை அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று விட்டுவிடாமல், அன்றே தெரிவியுங்கள்.