வெளியேதான் ஓட வேண்டுமா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, அறுபத்தெட்டு வயதில் விடியற்காலையில் கடற்கரையில் ஓடுகிறீர்களாமே, என் மகன் பார்த்தானாம். விழுந்து கிடந்தால் யார் தூக்குவது? டிரெட்மில் ஒன்று வாங்கி வீட்டிலேயே ஓடலாமே, வெளியேதான் ஓட வேண்டுமா?
- ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, உங்கள் அக்கறைக்கு நன்றி. முழங்காலைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்: டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஓடுகிறேன், முதல் பத்து நிமிடம் நடை, அப்புறம்தான் ஓட்டம். ஆனால் 'வெளியேதான்' என்று எழுதிவிட்டீர்கள், அந்தச் சொல்லை என்னால் சும்மா விட முடியாது.

நான் பிறந்தது மேகசின் பாரக்ஸில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம். கடல் கூப்பிடு தூரம். ஆனால் நல்ல மணல் உள்ள பக்கமெல்லாம் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை. அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்க்காமலே தாண்டிப் போவார், நமக்கென்று விட்ட கரை வரும்வரை பேச மாட்டார். பிறகு எங்களைப் பெயர்த்து, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் குடிவைத்தார்கள், கடலே கண்ணில் படாமல் போயிற்று. 1989இல் கரை எல்லாருக்கும் திறந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா இல்லை. அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த வெளியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி ஒரு பட்டையின் மேல் ஓடச் சொல்கிறீர்களே!

நம் காம்ரேட்ஸ் ஓட்டத்தையே பாருங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 1921இல் தொடங்கியது. கறுப்பரும் இந்தியரும் பெண்களும் முறைப்படி ஓட 1975 ஆயிற்று. அதற்கு முன்பே பதிவு இல்லாமல், பதக்கம் இல்லாமல் ஓடியவர்கள் உண்டு, அவர்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாலி ஹேவர்ட் அதே ஓட்டத்தை 1930இல் 21 வயதில் ஜெயித்தார், 1988இல் 79 வயதில் மறுபடி வந்து 9 மணி 44 நிமிடத்தில் முடித்தார். மறு வருஷம் எண்பது வயதில், கெடு முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது கோட்டைத் தொட்டார். நம் சங்கங்களிலோ அறுபது ஆனதும் பொன்னாடை போர்த்தி நாற்காலியில் உட்காரவைத்து விடுகிறார்கள். விளையாட்டு விழா என்றால் ஓடுவது பிள்ளைகள், பெரியவர்களுக்குப் பரிசு கொடுக்கும் வேலை. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதிவிட்டேன், கேட்பார் இல்லை. பொன்னாடைக்குப் பதில் ஒரு ஜோடி ஓட்டக் காலணி கொடுங்கள் ஐயா!

இளவயதில் நான் கடிகாரத்தைப் பார்த்து ஓடினேன், வழியில் என்ன இருந்தது என்றே தெரியாது. இப்போது வேகம் பாதியாகிவிட்டது, கண் திறந்துவிட்டது. நேற்று கடலுக்குள் நீளும் பாலத்து முனையில் ஒரு பெரியவர் மத்தி மீனைத் தூண்டில் முள்ளில் வைத்து, மெல்லிய நூலைப் பல்லால் கடித்துச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னப்பா, இன்றைக்கு லேட்டு" என்றார். எதிர்க்காற்று உப்போடு முகத்தில் அடிக்கிறது, கெண்டைக்கால் இறுகி இரண்டாவது கிலோமீட்டரில் இளகுகிறது, அந்த நேரம் பார்த்துச் சூரியன் தண்ணீருக்கு மேலே வருகிறது.

விழுந்தால் தூக்க அவர் இருக்கிறார் அம்மா. மகனை அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். ஐந்தரைக்கு அங்கேதான் இருப்பேன்.