வைத்தியக் கேள்வி பதில்: ஒரே நோய், இரண்டு ஆயுட்கணக்கு

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. எம்.என்.டி. எனப்படும் இயக்க நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த நோயுடன் வாழும் காலம் இரண்டரை வருடம் என்கிறது ஓர் ஆய்வு. இன்னொன்று நான்கு வருடம் என்கிறது. எதை நம்புவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆய்வின் முடிவுரையை விட்டுவிட்டு, முதலாவது அட்டவணையைப் பாருங்கள். யாரைச் சேர்த்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். விசேட கிளினிக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் வயது குறைந்தவர்கள். மருந்துப் பரிசோதனைகளில் மூச்சு மிகக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. ஒரு பிரதேசம் முழுவதையும் பதிவுசெய்தால் முதியவர்களும், பேச்சு குழறி நோய் தொடங்கியவர்களும் அடங்குவார்கள்; ஆயுட்கணக்கு இறங்கிவிடும். எந்த நாளிலிருந்து எண்ணினார்கள் என்றும் பாருங்கள். முதல் அறிகுறிக்கும் நோய் உறுதியாவதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடுகிறது.

அப்பாவின் நிலையை அறிய அவருடைய நோயின் வேகம்தான் வேண்டும். அன்றாடச் செயல்களை எவ்வளவு செய்ய முடிகிறது என்று பார்க்கும் ஏ.எல்.எஸ்.எப்.ஆர்.எஸ்.-ஆர் என்ற அளவுகோலில் 12 கேள்விகள், மொத்தம் 48 புள்ளிகள். 48இலிருந்து இன்றைய புள்ளியைக் கழித்து, அறிகுறி தொடங்கி எத்தனை மாதமோ அதனால் வகுக்க வேண்டும். இன்று 41, தொடங்கி 14 மாதம் என்றால் மாதத்துக்கு 0.5. மாதத்துக்கு 1ஐத் தாண்டினால் வேகமான நோய். தவறு நடப்பது தொடக்கத் திகதியில்தான்: விழுந்த நாளைச் சொல்வார்கள், அதற்குப் பல மாதம் முன்பே காலிலிருந்து பாட்டாச் செருப்பு கழன்றுகொண்டிருந்திருக்கும்.

மூச்சளவிலும் கவனம் தேவை. உதடு இறுக மூடாதவருக்கு ஊதும் குழாயின் ஓரத்தால் காற்று கசிந்து, அளவு பொய்யாகக் குறையும். முகமூடி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் எடையையும் எழுதுங்கள், எடை இறங்குவது நல்லதல்ல. நோயைத் தாமதமாகக் கண்டறிந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகப் படித்தால் குழம்ப வேண்டாம். மெதுவான நோய்தான் தாமதமாகப் பிடிபடுகிறது.

கேள்வி: அப்பா வயலில் கிருமிநாசினி அடித்தவர். அதனால்தான் வந்ததா? எங்களுக்கும் வருமா?
– அதே வாசகி

பதில்: தனி ஒருவரில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. நோய் வந்தவர் காரணம் தேடி எல்லாவற்றையும் நினைவுகூர்வார், நோயில்லாதவர் மறந்துவிடுவார். கேட்டுப் பதிந்த ஆய்வுகள் இதனால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன. குடும்பத்தில் முன்பே இருப்பது ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்குத்தான். ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் சீ9ஓஆர்எப்72 என்ற மரபணுவின் மாற்றம் ஆசியரிடம் மிகக் குறைவு. எஸ்ஓடி1 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்துக்கு இப்போது டோஃபர்சென் என்ற மருந்து இருப்பதால், குடும்பத்தில் வேறு யாருக்காவது கை கால் மெலிந்திருந்தாலோ இளவயது மறதி நோய் இருந்தாலோ நரம்பியல் நிபுணரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.