அலுமாரிக்குள் இருந்த ரிப்போர்ட்

அன்புள்ள அக்கா,
கனடாவில் இருக்கும் என் தமக்கைக்கு மார்பகப் புற்றுநோய். மரபணுப் பரிசோதனையில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிழை, அது புற்றுநோய் வரும் ஆபத்தைக் கூட்டும் என்றார்கள். கொழும்பில் நானும் செய்தேன், எனக்கும் இருக்கிறது. அலுமாரிக்குள் ஒளித்து வைத்த ரிப்போர்ட்டை 17 வயது மகள் வாசித்துவிட்டாள். தானும் பரிசோதிக்க வேண்டுமாம். விடலாமா? நாளைக்குக் கலியாணப் பேச்சு குழம்பாதா? மகனுக்கு 15 வயது, ஒன்றும் தெரியாது.
ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சி,

இன்னும் பிறந்த ஊரே தெரியாத ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து பெற்ற பிள்ளைக்கு ஒளிக்கிறீர்களே, வாசிக்கக் கோபம் வந்தது. அந்தக் கேள்வியை விடுங்கள்.

மருத்துவ விசயம் சுருக்கமானது. மகளுக்கு அந்த மரபணுப் பிழை வந்திருக்க 50 வீத வாய்ப்பு. வந்திருந்தாலும் மார்பக ஸ்கான்கள் பொதுவாக 25 வயதளவில்தான் தொடங்கும். அதனால்தான் 18 வயதுக்கு முன் இந்தப் பரிசோதனையை மருத்துவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை. அவசரமில்லை.

2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் மாத்தளனில் செல் குண்டு விழுந்து செத்துப்போனார். “அப்பா பிறகு வருவார்” என்று தாய் சொல்லிக்கொண்டேயிருந்தா. ஒருநாள் தண்ணி வரிசையில் அந்தப் பிள்ளை என் காதுக்குள் சொன்னாள்: “எனக்குத் தெரியும் அன்ரி. அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, அவ தாங்கமாட்டா.” தகப்பனுக்காக அழுவதைக்கூட அவள் களவாகத்தான் செய்தாள். உங்கள் மகள் அப்படி விழுங்கவில்லை, உங்களிடமே வந்து கேட்டிருக்கிறாள். அதற்காகவாவது அவளைக் கட்டிப்பிடித்தீர்களா?

இந்த வயதுப் பிள்ளைகள் வீதக் கணக்குப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஏ.எல். சோதினைக்கு முதலா பிறகா, தெரிந்தால் நித்திரை வருமா, அம்மா தன்னால்தான் என்று அழுவாவா, தனக்கு இல்லாமல் தம்பிக்கு இருந்தால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது: இவைதான் அவர்களுடைய கேள்விகள். ஒவ்வொன்றையும் அவளோடு இருந்து பேசுங்கள். பேசிய பிறகு “இப்ப வேண்டாம்” என்றால் அது அவளுடைய முடிவு. இரத்தம் கொடுத்துவிட்டுப் பதிலைக் கேட்காமல் விட்டாலும் அவளுடைய உரிமை. தானாக அறியாமல் இருப்பது ஒன்று, அறியவிடாமல் வைத்திருப்பது இன்னொன்று. கிளிநொச்சியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் 2017 பெப்ரவரியில் உங்கள் கந்தசுவாமி கோயிலடியில்தானே போராட்டத்துக்கு இருந்தார்கள், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டு!

மகனைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கும் அதே 50 வீதம்தான். இருந்தால் அவனுடைய பிள்ளைகளுக்கும் போகலாம். இது பெண்பிள்ளையின் பிரச்சினை என்று யார் சொன்னது? இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திச் சொல்லுங்கள். 18 ஆனதும் மகளை மரபணு ஆலோசனைக்குக் கூட்டிப்போங்கள். டொக்டரோடு அவள் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள்.

உங்களிடமிருந்து போனதென்று உங்களையே தின்னாதீர்கள். உங்களுக்கும் அது பெற்றவர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் தங்கச்சி, உங்கள் வீட்டில் பிழை இருப்பது உறுதியானது இப்போதைக்கு உங்களுக்கு மட்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குத் திகதி எடுத்துவிட்டீர்களா? கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.