கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் என்னென்ன சிக்கல்கள் வரக்கூடும்?

அப்பாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது, கால் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சிறிய கம்பிவலைக் குழல்) வைக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தால் கெண்டைக்காலைப் பிடித்து, நின்றால் விட்டுவிடும் வலியோ, விரலில் ஆறாத புண்ணோ உங்கள் தந்தைக்கு இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கோலாலம்பூரில் என் தந்தைக்கு இதே சிகிச்சை நடந்தபோது உடனிருந்து பார்த்தவன். சிகிச்சையே வேண்டாம் என்று பயமுறுத்துவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். ஸ்டென்ட் வைத்திராவிட்டால் அவர் காலை இழந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரும்பாலோர் சிகிச்சை அறைக்குள் நடப்பதை எண்ணித்தான் அஞ்சுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகே வந்தது. அறைக்குள்ளும் சில சிக்கல்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. பெரும்பாலும் தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாயைத் துளைத்தே குழாயைச் செலுத்துவார்கள். அந்த இடத்தில் ரத்தம் கட்டலாம், துடிக்கின்ற கட்டி ஒன்று எழும்பலாம். அன்று இரவு முதுகிலோ விலாப்பக்கத்திலோ புதிதாக வலி தோன்றினால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் முன்னும் பின்னும் பார்ப்பது அவசியம். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் இனிப்புநீருக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையையும் சிறிது காலம் நிறுத்தச் சொல்வார்கள்.

அப்பாவுக்கு இவையெல்லாம் நல்லபடியாகவே நடந்தன. தொடையில் ஸ்டென்ட் வைத்து வார்டுக்குக் கொண்டுவந்ததும், தாதி ஒருவர் சிறிய டாப்ளர் கருவியைப் பாதத்தின் மேல் வைத்து நாடித்துடிப்பின் ஒலியைத் தேடிப்பிடித்து, ஒலி கேட்ட இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறியில் விரலை வைத்துத் துடிப்பைத் தொட்டுப் பார்க்க அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் காலைக் காப்பாற்றியது அந்தப் பாடம்தான்.

வீடு திரும்பிச் சில வாரங்களில் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. அவர் போய்ப் பார்த்த பல் கிளினிக்கில், ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிட்டு வந்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பல்லைப் பிடுங்க வரும்படி சொன்னார்கள். ஸ்டென்ட் எப்போது வைக்கப்பட்டது என்று கேட்கவும் இல்லை, வைத்த மருத்துவரிடம் விசாரிக்கவும் இல்லை. பல்லைப் பிடுங்கும் நாள் வருவதற்கு முன்பே, ஒரு மாலை நேரத்தில், "ஐயா, கால் மரத்துப் போச்சு, விரலை அசைக்க முடியல" என்றார். தொட்டால் முழங்காலுக்குக் கீழே சில்லென்றிருந்தது, நிறமும் வெளுத்திருந்தது. அம்மா விரல் வைத்த இடத்தில் துடிப்பு இல்லை.

புதிதாக வைத்த ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைப்பது இந்தச் சிகிச்சையின் மிகக் கொடிய சிக்கல்களில் ஒன்று. ரத்தம் முற்றிலும் நின்றுபோனால் தசை ஏறக்குறைய 6 மணி நேரமே தாங்கும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். உடனே கொண்டுபோனோம். மெல்லிய குழாய் ஒன்றை உறைவுக்குள்ளேயே வைத்து, அதைக் கரைக்கும் மருந்தை இரவு முழுவதும் செலுத்தினார்கள். கால் பிழைத்தது, சுண்டுவிரல் போயிற்று. அதே பல்லை வேறொரு பல் மருத்துவர் ஆஸ்பிரினை நிறுத்தாமலேயே பிடுங்கி, ஒரு தையல் போட்டு, பஞ்சுத் துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லியே ரத்தத்தை நிறுத்தினார். மாத்திரையை நிறுத்தாமல் பல் பிடுங்க முடியும் என்றால் அந்த விரல் ஏன் போக வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

இதய ஸ்டென்ட்டைப் போலத்தான் இதுவும் என்று உறவினர்கள் சொல்வார்கள், அது சரியன்று. தொடையின் ரத்தக்குழாய் நடக்கும்போதும் உட்காரும்போதும் மடங்கும், முறுகும், நீளும், சுருங்கும். அதனால்தான் அழுத்தினாலும் மீண்டும் விரியும் நிட்டினால் என்ற உலோகக் கலவையில் அதைச் செய்கிறார்கள். அப்படியிருந்தும் ஆண்டுகள் செல்லும்போது கம்பி முறிவதுண்டு. முழங்காலுக்குப் பின்புறம் ஸ்டென்ட் வைப்பதைக் கூடுமானவரை தவிர்த்துப் பலூனால் மட்டும் விரிப்பதற்கும் இதுவே காரணம். இன்னொன்று, ஸ்டென்ட்டுக்குள் திசு வளர்ந்து குழாய் மீண்டும் குறுகுவது. இது திடீரென்று வராது, பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் மெதுவாக வரும், பழைய கெண்டைக்கால் வலி திரும்பும். அப்பாவுக்கு ஸ்கேனில் இதை முன்னதாகவே கண்டுபிடித்து மறுபடியும் பலூனால் விரித்தார்கள். நன்றாக இருக்கிறது என்று நினைத்து ஸ்கேனுக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள்.

எனக்குள்ள மற்றொரு மனக்குறையும் இதைச் சேர்ந்ததுதான். அப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். கையெழுத்திட்ட பாரம் மலாயில் இருந்தது, வீட்டுக்குப் போகும்போது தந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை எவர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரி தமிழில் இருந்திருந்தால், அதை அவரே அந்தக் கிளினிக்கில் நீட்டியிருப்பார்.

ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: பலூன் மட்டும் போதாதா, ஸ்டென்ட் எந்த இடத்தில் வரும், இரண்டு மாத்திரைகளையும் எத்தனை மாதம் சாப்பிட வேண்டும், அதன் பிறகு எது தொடரும், முதல் ஸ்கேன் எப்போது. புண் இல்லாமல் நடக்கும்போது மட்டும் வலி என்றால், சிகரெட்டை விட்டு முறையான நடைப்பயிற்சி செய்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பலருக்கு அதிலேயே குணம் தெரிகிறது. நள்ளிரவில் கால் சில்லிட்டால் எந்த எண்ணை அழைப்பது என்பதையும் எழுதி வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.