முதலில் பன்னிரண்டு பேர் போதும்

கேள்வி: எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் 26 பேர். நான்கு குரலில் பாடுகிறோம். இதைத் தொழில்முறை சேம்பர் கொயராக வளர்க்க ஆசை. ‘நாற்பது பேராவது வேண்டும், அப்போதுதான் மேடை நிறையும்’ என்கிறார்கள். நோட்டேஷன் (இசைக் குறியீடு) படிக்கத் தெரியாத பழைய ஆட்களை என்ன செய்வது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எண்ணிக்கைக்காக ஆள் சேர்க்காதீர்கள், சகோதரி. சேம்பர் கொயர் என்றாலே சிறிய பாடகர் குழு; சின்னதாக இருப்பதுதான் அதற்கு அழகு. உலகப் புகழ்பெற்ற டாலிஸ் ஸ்காலர்ஸ் குழுவில் பெரும்பாலும் ஒரு குரலுக்கு இரண்டு பேர்தான். 1973இல் பீட்டர் பிலிப்ஸ் அதைத் தொடங்கியபோது பாடியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரித் தேவாலயப் பாடகர்கள். தொழில்முறைக் குழுவாக மாறச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. நீங்களும் கோயிலிலிருந்துதான் வருகிறீர்கள். அவசரம் வேண்டாம்.

யாரையும் அனுப்பவும் வேண்டாம். ஞாயிறு பூசைக்கு எல்லோரும் பாடட்டும். அதே குழுவில் குரல் தேர்வு வைத்து, ஒரு குரலுக்கு மூவராகப் பன்னிரண்டு பேரைத் தனியே கூட்டுங்கள். டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல்தான் லேசில் கிடைக்காது. உங்கள் குழுவில் போதாவிட்டால் வில்லியனூர், கடலூர் பக்கமும் விசாரியுங்கள். நோட்டேஷன் வகுப்பை மட்டும் எல்லோருக்கும் திறந்து வையுங்கள். பழையவர்களில் சிலர் உங்களை ஆச்சரியப்படுத்துவார்கள்.

பயிற்சியில் கீபோர்டை மூடிவிடுங்கள். தொடக்க சுருதியை மட்டும் கொடுத்து ஒரு சரணம் பாடச் செய்து, முடிந்ததும் அதே சுருதியைத் தட்டிப் பாருங்கள். அரை ஸ்வரம் வரை இறங்கியிருக்கலாம். நீளமாகப் பிடிக்கும் இடத்தில் மூச்சு தளர்வதும், மேலேறும்போது கொஞ்சம் குறைவாக ஏறுவதும்தான் பெரும்பாலும் காரணம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளட்டும். தமிழ்ப் பாட்டென்றால் இன்னொன்று: ‘தேவன்’ என்பதில் ‘ன்’னை எந்தத் தாள அடியில் மூடுவது என்று எல்லோர் தாளிலும் பென்சிலால் குறியுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் மூடினால் பன்னிரண்டு ‘ன்’ கேட்கும். இருதய ஆண்டவர் பசிலிக்கா மாதிரி உயரமான கட்டடத்தில் எதிரொலி நீளும். அங்கே இன்னும் நிதானமாகப் பாட வேண்டும்.

அவரவர் குரலுக்கான பகுதியை வீட்டிலேயே படித்துவிட்டு வருவதுதான் தொழில்முறையின் முதல் அடையாளம். அது வழக்கமான பிறகு டிக்கெட் வைத்துக் கச்சேரி செய்யுங்கள். வரும் பணத்தில் முதலில் பயிற்றுநருக்கும், அப்புறம் எல்லோருக்கும் ஒரே தொகையாகவும் கொடுங்கள். இதை முதல் கச்சேரிக்கு முன்பே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.