வாசகர் கேள்வி – பதில்: நண்பர்கள் சேர்ந்து ஒரு சினிமா பாட்காஸ்ட்

கேள்வி: கல்லூரி நாளிலிருந்து நாங்கள் மூவரும் நண்பர்கள். படம் பார்த்துவிட்டு டீக்கடையில் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டவர்கள், இதையே பாட்காஸ்ட்டாகப் போடலாமே என்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் புதுப்படத்தை விமர்சிக்கலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: டீக்கடையில் உங்கள் பேச்சை ரசித்தவர்கள் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். சோதனைக்காக அரை மணி நேரம் கைபேசியில் பதிவு செய்து, ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். “அந்த இடத்துல ஒரு பார்வை பார்ப்பாரே” என்று ஒருவர் தொடங்குவார். “அதேதான்” என்று இன்னொருவர் சிரிப்பார். மூன்றாமவர் மேசையைத் தட்டுவார். எந்த இடம், யார் பார்த்தார், எதைப் பார்த்தார் என்பது எதுவுமே பதிவில் இருக்காது. நண்பர்கள் தொடங்கும் சினிமா பாட்காஸ்ட்டுகளில் நான் பாதியில் நிறுத்தியவை பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் நின்றன. ஆகவே, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் வீதம் முறை வைத்துக்கொண்டு, மூவரில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்காமலேயே வந்து உட்காருவது நல்லது. “யார் அது, எங்கே நிற்கிறார், அதற்கு முன் என்ன நடந்தது” என்று குறுக்கிட்டுக் கேட்பதுதான் அவருடைய வேலை. அவருக்குப் புரிந்தால் கேட்பவருக்கும் புரியும்.

வெள்ளிக்கிழமை விமர்சனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவரின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டும் கூட்டத்தோடு, பகலெல்லாம் வேலைக்குப் போகும் நீங்கள் போட்டி போட முடியாது. ஞாயிறன்று பேசி, செவ்வாயன்று தொகுத்து, புதனன்று நீங்கள் வெளியிடும்போது அந்தப் படத்தையே சில ஊர்களில் தூக்கியிருப்பார்கள்.

அதைவிட, உங்கள் ஊரிலேயே பேசித் தீராத அளவுக்குச் சரக்கு இருக்கிறது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வெளியானபோது மதுரையில் அந்தப் படத்தோடுதான் தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டது. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட, ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் பெருமை பேசிய அந்த அரங்கு இன்று இல்லை. ஆனால் அங்கே வரிசையில் நின்று சட்டை கிழிந்தவர்களும், டிக்கெட் கிழித்தவர்களும் உங்கள் தெருக்களிலேயே இருப்பார்கள். படச்சுருள் காலத்தில் வேலை பார்த்த ஓர் ஆபரேட்டரைத் தேடிப் பிடியுங்கள். ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும் என்பதையும், ஒரே பிரதியை இரண்டு அரங்குகள் பங்கிட்டுக்கொண்டு, இங்கே ஓடி முடிந்த பெட்டியைச் சைக்கிளில் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கதையையும், சைக்கிள் வரத் தாமதமான இரவில் அரங்கில் எழுந்த விசில் சத்தத்தையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பெரியவர்களைப் பதிவு செய்யும்போது நீங்கள் மூவரும் சேர்ந்து போகாதீர்கள். ஒருவர் கேட்க, ஒருவர் பதிவுக் கருவியைக் கவனித்தால் போதும்.

கேள்வி: படத்தின் வசனத்தையோ பாட்டையோ 30 விநாடிக்குள் ஒலிக்கவிட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வராது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அப்படியொரு கணக்கு நமது சட்டத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வதை 52ஆவது பிரிவில் அனுமதிக்கிறதே தவிர, இத்தனை விநாடி என்று எங்கும் வரையறுக்கவில்லை. ஒரு வசனத்தை ஒலிக்கவிட்டு, அது எப்படிப் பேசப்பட்டிருக்கிறது என்று அடுத்த நிமிடமே அலசுவது விமர்சனம். உங்கள் பேச்சுக்குப் பின்னணியாகப் பாட்டை ஓடவிடுவது வெறும் அலங்காரம், அதற்கு இந்தப் பிரிவு துணைக்கு வராது.

பழைய படங்களில் கொஞ்சம் வசதி உண்டு. திரைப்படத்துக்கான உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும், எனவே எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) படத்துக்கான உரிமைக்காலம் 2014 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆயினும் கதை, வசனம், பாடல் வரி, மெட்டு ஆகியவற்றின் உரிமை தனிக்கணக்கு. படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அது தொடரும். ‘அந்த நாள்’ பாடல்களே இல்லாத படம் என்பதால் பாட்டுத் தொல்லையாவது இல்லை. நாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாக, சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் நடந்ததைச் சொல்லும் கதை அது. குரலை மட்டும் நம்பிப் பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் படம் எனக்குத் தோன்றவில்லை. எச்சரிக்கையாக ஒன்று: ஒலியை ஒப்பிட்டுப் பிடிக்கும் யூடியூபின் இயந்திரம் உங்கள் சட்ட நியாயத்தைக் கேட்டுக்கொண்டிருக்காது. முடிந்தவரை வசனத்தை நீங்களே பேசிக் காட்டிவிடுங்கள். நடிப்பு மோசமாக இருந்தால் கேட்பவர்களுக்கு அதுவும் ஒரு சுவை.

கேள்வி: ஸ்டூடியோ வாடகைக்கு எங்களிடம் பணம் இல்லை. வீட்டில் பதிவு செய்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது.
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: நீங்கள் கூடத்தில் அமர்ந்து பேசுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மொசைக் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கின்றன. துணிமணி நிறைந்த படுக்கையறைக்குப் போங்கள், பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கத்தான் செய்யும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட்டுக்கொள்ளலாம்.

தனி மைக் வாங்கும்வரை, ஆளுக்கொரு கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, மூன்றிலும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது ஒருவர் பலமாக ஒரே ஒரு கைதட்டல் தட்ட வேண்டும். படப்பிடிப்பில் கிளாப் அடிப்பது எதற்கோ, இதுவும் அதற்குத்தான்: ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் மூன்று பதிவுகளையும் திறந்தால், அந்தக் கைதட்டல் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும், மூன்று ஊசிகளையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் பேச்சும் பொருந்திவிடும். பிறகு யாருமே பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், இரைச்சலைக் குறைக்கும்போது உதவும். சுருக்கப்படாத ஒலிக்கோப்பு நிமிடத்துக்கு 5 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால், கைபேசியில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடைசி பத்து நிமிடம் பதிவாகாமல் போன அனுபவம் எனக்குண்டு. அந்தப் பேச்சை மறுபடி பேசினால் உயிர் இருக்காது.

கேள்வி: கதையை எதுவரை சொல்லலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்நாளில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. கதைச் சுருக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, முடிச்சு இறுகும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். முடிவையும் அலசத்தான் வேண்டும் என்றால், அறிவித்துவிட்டுப் பகுதியின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நால்வர் பேசுகிறோம், எடிட்டிங் முழுவதும் என் தலையில். எப்படிச் சொல்வது?
– வாசகர், சேலம்

பதில்: சொல்ல வேண்டாம். அடுத்த பதிவை மற்ற மூவரில் ஒருவருக்கு அனுப்பி, “இந்த முறை நீ” என்று எழுதுங்கள். தாம் ஒருவர் பேச்சை ஒருவர் எத்தனை முறை வெட்டிப் பேசுகிறோம் என்பது அன்று இரவே அவருக்குத் தெரிந்துவிடும்.