ஆய்வறிக்கை நின்றுவிட்டால் பங்குகளை விற்க வேண்டுமா?

கேள்வி: ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்த பணத்தில், தரகு நிறுவனமொன்றின் ஊடாக ஓர் உற்பத்திக் கம்பனியின் பங்குகளை வாங்கினேன். அக்கம்பனியைப் பற்றிக் காலாண்டுதோறும் அனுப்பிவந்த ஆய்வறிக்கையை நிறுத்துவதாகத் தரகு நிறுவனம் காரணம் கூறாமல் அறிவித்துள்ளது. பங்குகளை விற்றுவிடவா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

பதில்: அந்த அறிவித்தலை மாத்திரம் நம்பி விற்க வேண்டாம். உங்களைப் போன்ற வாடிக்கையாளரிடம் ஆய்வறிக்கைக்கெனத் தனிக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. பங்குகள் கைமாறும்போது கிடைக்கும் தரகுப் பணமே ஆய்வாளரின் சம்பளத்துக்கும் போகிறது. ஆகவே எந்தப் பங்கு பெருந்தொகையாகக் கைமாறுகிறதோ, எதைப் பற்றிப் பெரிய நிதியங்கள் விசாரிக்கின்றனவோ, அதையே ஆய்வுக்கு எடுப்பார்கள். கொழும்புப் பங்குச் சந்தையிலுள்ள பல கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் தாய்க் கம்பனியிடமோ ஒரே குடும்பத்திடமோ முடங்கிக் கிடப்பதால், அவை நன்றாக நடந்தாலும் தரகருக்கு வருமானம் சொற்பமே. ஆய்வாளர் வேலையை விட்டு விலகினாலும், தரகு நிறுவனத்தின் குழுமமே அக்கம்பனியின் பங்கு வெளியீட்டுக்கு ஆலோசகராக அமர்ந்தாலும் அறிக்கை நிற்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆய்வுக்கான கட்டணத்தைத் தரகிலிருந்து பிரிக்கும் விதி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, சிறிய கம்பனிகளைப் பற்றிய ஆய்வு அருகிவிட்டதென்ற முறைப்பாடு எழுந்து, பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. அக்கம்பனிகள் நலிந்ததாலன்று, ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் குறைந்ததாலேயே அந்த முறைப்பாடு எழுந்தது.

எனினும் ஒரு சந்தேகத்தை மறைக்க மாட்டேன். 'விற்கவும்' என்று எழுதினால் கம்பனி முகாமைத்துவம் முகம் திருப்பும் என்பதால், நம்பிக்கை இழந்த ஆய்வாளர் மௌனமாக விலகுவதும் உண்டு. மக்நிக்கல்ஸ், ஓபிரையன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஆய்வாளர்கள் தாம் நல்லபிப்பிராயம் கொண்ட கம்பனிகளையே தெரிவுசெய்ய முனைகிறார்கள் என்று காட்டியது. அமெரிக்காவில் ஆய்வை நிறுத்தும் தரகு நிறுவனம் அதனை வாடிக்கையாளருக்கு அறிவித்து, பொதுவாக இறுதி அறிக்கையொன்றையும் வழங்க வேண்டும். நீங்களும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் என்ற வகையில் அது நியாயமான கேள்வி.

அதற்கிடையில், காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் (நிதியாண்டின் கடைசிக் காலாண்டுக்கு இரண்டு மாதங்களுக்குள்) கம்பனி வெளியிட வேண்டிய இடைக்காலக் கணக்கறிக்கையைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எடுத்து, விற்பனை, கடன், தொழிற்பாட்டில் வந்த காசு ஆகியவற்றைச் சென்ற ஆண்டின் அதே காலாண்டுடன் ஒப்பிடுங்கள். கடன் ஏறிக் காசு வற்றியிருந்தால், ஆய்வறிக்கை வந்தாலும் வராவிட்டாலும் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். கணக்கறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு கற்பிக்கும் ஓர் ஆசிரியர் உங்களுடன் ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும்.